சீட்டில் ஏறாத இடுப்பு

குன்னூரில் என் பிழைப்பே, முகம் பார்த்துப் பேசக் கூடாத பெண்களின் இடுப்பளவைச் சீட்டில் எழுதுவதுதான். தையல்கடையில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன். பங்களாக்களிலிருந்து துரைசாணிகள் எழுதுவதைப் படித்துத் தையல்காரர் அமீது பாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டும். அளவெடுப்பதோ பங்களா ஆயா. ஆண்பிள்ளைகள் நாங்கள் வராந்தாவில் நிற்போம்; உள்ளேயிருந்து அவள் எண்ணைக் கூவுவாள். கீழே நம் ஊர் அவிநாசியில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம் ஊரில் கல்யாணச் சேலைக்கு யார் அளவெடுத்தார்கள்? ஒல்லியோ பருமனோ, கொசுவத்தைக் கூட்டிக் குறைத்தால் தீர்ந்தது.

போன மாதம் ஜெகதளா பக்கத்து எஸ்டேட் துரையின் மகளுக்குக் கல்யாணக் கவுன் தைத்தோம். அந்தப் பெண் குள்ளம், இடுப்பு அகலம், மாப்பிள்ளை நெட்டை. ‘அவர் பக்கத்தில் உயரமாகத் தெரிய வேண்டும்’ என்று கடிதத்தில் அடிக்கோடிட்டிருந்தாள். கூட வந்த படப்புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். குள்ளமானவர்களுக்குக் கவுனின் இடுப்புக்கோடு விலாவுக்குக் கீழேயே நின்றால் கால் நீளமாகத் தெரியும். அகன்ற இடத்தில் விழுந்தால் ஆளை இரண்டாக வெட்டும்.

“இடுப்புல நாடாவக் கட்டி, தோள்ல இருந்து அதுவரைக்கும் அளந்து சொல்லுங்க ஆயா” என்றேன்.

“கட்டியாச்சுங்க. இருவது வருசமாச் சேல கட்டறவளுக்கு இடுப்பு தெரியாதுங்களா? பத்தொம்பது!”

குள்ளப் பெண்ணுக்குத் தோளிலிருந்து இடுப்புக்குப் பத்தொன்பது அங்குலமா? பதினைந்து பதினாறைத் தாண்டாதே. எந்த இடத்தில் கட்டினீர்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. வெட்கத்தில் விழுங்கிவிட்டேன். கடைக்கு வந்து பாயிடம் சொன்னேன். “சீட்டுல இருக்கறதுதான் தம்பி எனக்கு. உள்ள போயிப் பாத்துட்டு வாறியா? தோல உரிச்சிருவாங்க” என்று சிரித்துக்கொண்டே கத்தரியை எடுத்தார்.

கவுனைப் போட்டுப் பார்த்த அன்று அந்தப் பெண் வராந்தாவுக்கே வந்துவிட்டாள். பட்டுப்பட்டை இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. “தேயிலை மூட்டை மாதிரி இருக்கிறேன்” என்று விசும்பினாள். கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் பாக்கி. துரைசாணி என்னைப் பார்த்து, “உனக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?” என்றாள். எங்கள் வம்சத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவனிடம் கேட்கிற கேள்வியா அது! பதறிப்போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: “அம்மணி, இவருக்கு இடுப்பு அகலம், அதனால் கோடு மேலே வரவேண்டும்.” புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். துரைசாணிக்கு முகம் செக்கச்செவேல் என்றாகிவிட்டது. “என் மகளின் உடம்பைப் பற்றி நீ பேசுவதா?”

ஆயா தன் கொசுவத்தைத் தொட்டுக்காட்டி, “இடுப்புன்னா இங்கதானுங்களே?” என்றாள். அவள்மேல் என்ன குற்றம்? நம் பெண்கள் எல்லோருக்கும் அங்கேதான். மணப்பெண் யாரையும் பார்க்காமல், இரண்டு கைகளையும் விலாவுக்குக் கீழே வைத்துக் காட்டினாள். பாய் நீட்டிய ஊசியை ஆயா அந்த இடத்தில் குத்தினாள். மேல்பாகத்தைக் குறைத்துப் பாவாடையை ஏற்ற, அது தரையைத் தொடவில்லை. பின்னால் இழுபடும் கவுன் வாலில் துணி வெட்டிப் பாய் கீழே ஒட்டுப்போட்டார். சர்ச்சுக்கு எதிர்ப்புறம் ரோட்டில் நின்று பார்த்தேன். மாப்பிள்ளையின் தோளுக்கு வந்திருந்தாள். பங்களாவிலிருந்து கடைக்கு ஒரு வரி வந்தது: இனிமேல் வேறு ஆளை அனுப்பவும்.

அந்த எரிச்சல் ஆறுமுன் என் தங்கச்சி கல்யாணத்துக்கு அவிநாசிக்கு இறங்கினேன். அவளும் குள்ளம். இரவல் வாங்கிய வெள்ளி ஒட்டியாணத்தை இடுப்பெலும்பில் மாட்டியிருந்தார்கள். வாசல்படியில் நின்று பார்த்தவனுக்குப் பொறுக்கவில்லை.

“ஆத்தா, அத நாலு விரக்கட மேல ஏத்திக் கட்டச் சொல்லு. உசரமாத் தெரிவா.”

“கூடப் பொறந்தவ இடுப்பையா பாத்துட்டு நிக்கற? இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சமா? போடா வெளிய!” என்றாள் ஆத்தா. அத்தைமார்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள்.

பந்தலோரம் போய் நின்றேன். மலையில் நான் பேசினால் அதிகப்பிரசங்கி, ஊரில் பேசினால் மானங்கெட்டவன். படித்ததை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

மேளம் கொட்ட, தங்கச்சி வெளியே வந்தாள். ஒட்டியாணம் நாலு விரக்கடை மேலே ஏறியிருந்தது. நிஜமாகவே உயரமாக இருந்தாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள முடியாமல், மேற்கே நீலமாகத் தெரிந்த மலையைப் பார்க்கிறவன்போலத் திரும்பி நின்றேன்.