ஊற்றுக்காலில் போட்ட ஆட்டுக்கிடை

உத்திரமேரூர் பஸ்ஸில் போகிறவர்கள் தாண்டுகிற சிறுபாலங்களில் முக்கால்வாசி நான் கட்டியது. காவாந்தண்டலம் பக்கம் ஒரு மதகு, எங்கள் ஏரி நிரம்பினால் வழியக் கலங்கல், ரைஸ்மில்லுக்கு அஸ்திவாரம், காலனிக்கு இரண்டு கிணறு, எல்லாம் நான்தான். படிப்பு மூணாங்கிளாஸ். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி. பதினாறு வயதில் மண்கூடை தூக்கப் போனவன், முப்பதுக்குள் மேஸ்திரி ஆனேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஓவர்சியர் மெஷின் வைத்துச் சொல்கிற வாட்டத்தை ஒரு ரப்பர் டியூப்பில் தண்ணீர் ஊற்றி நான் முன்னாலேயே சொல்லிவிடுவேன். இதெல்லாம் கிடக்கட்டும். பாலாற்றுத் தண்ணீரை எங்கள் ஏரிக்குக் கொண்டுவந்ததுதான் என் வேலை.

வெயில் காலத்தில் பாலாறு பார்வைக்கு வெறும் மணல். மறுகரையில் பழையசீவரம் மலை கானலில் மிதந்துகொண்டிருக்கும். ஆனால் முழம் தோண்டினால் ஈரம், இன்னொரு முழம் தோண்டினால் கண்ணாடி மாதிரி ஊற்று. அந்த ஊற்றை மணலுக்குள்ளேயே வாய்க்கால் வெட்டிப் பிடித்து, கரை தாண்டி ஏரிக்கு இறக்குவதுதான் ஊற்றுக்கால். வீட்டுக்கு ஓராள் போய் வருஷாவருஷம் தூர் எடுக்கிற வழக்கம் நின்றுபோய், எழுபதுகளின் கடைசியில் அது மணல்மேடாகிவிட்டது. ஏரி காய்ந்தது. ஒரு போகம் முடிந்ததும் காலனியில் பாதிப் பேர் பட்டணத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். நாற்று விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் நான் போய், நாற்று மஞ்சளாகிப் பழுக்கிறதுக்குள் தண்ணீர் கொண்டுவருகிறேன், இல்லையென்றால் இனிமேல் மேஸ்திரி என்று யாரும் கூப்பிட வேண்டாம் என்றேன்.

வெட்டின நாட்கள் இப்போதும் கனவு மாதிரி இருக்கின்றன. காலைப் பனியில் கூடை தூக்கிப் போகிற பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, ஆற்றின் மேல் மிதந்து போவார்கள். சிரிப்பு மட்டும் எங்கிருந்தோ வரும். ஊற்று காலடியில் முணுமுணுத்துக்கொண்டே ஊறும்.

அதில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கரையைத் தாண்டுகிற இடத்தில் அடியில் களிமண். இன்னும் அரைமுழம் ஆழம் போனால் இன்னும் தண்ணீர் இழுக்கும் என்று வெட்டச் சொன்னேன். களிக்குக் கீழே பருமணல் இருந்தது. வந்த தண்ணீர் அந்த இடத்தில் யோசிக்கிற மாதிரி நின்றது. அப்புறம் கீழே இறங்கிப் போய்விட்டது.

நஞ்சைக்காரப் பெரியவர் ஒருவர், ஊரிலேயே நிறைய நாற்று விட்டிருந்தவர், துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"இன்னாப்பா, ஏரிக்கு வெட்றன்னு பாதாளத்துக்கு வெட்டிக்கீற?"

"நாலு நாள் குடுங்க ஐயா."

"என்னைக் கேளு, குடுக்கிறேன். நாத்து குடுக்குமா? நுனியெல்லாம் மஞ்சளாய்க்கினு கீது. போ, திரும்ப கூடை தூக்கு."

ஏரிக் களியை வண்டியில் அடித்துப் பரப்பினோம். கட்டையால் இடித்துப் பார்த்தோம். நீளம் அதிகம், கசிவு நிற்கவில்லை. மத்தியானம் கரைப் பனைநிழலில் படுத்திருந்தேன். கண் செருகும்போது ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. எருவுக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்ட ஈரநிலம் காய்ந்தால் கலப்பை துள்ளும், அவ்வளவு இறுகியிருக்கும். தரிசில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரனிடம் ஓடினேன்.

"காவாய்ல கிடையா? எரு போட்டா தண்ணி மொளைக்குமா மேஸ்திரி?"

"எரு யாருக்கு வோணும்? உன் ஆட்டுக்குக் காலு எத்தினி?"

"தலைக்கு நாலு."

"அத்த மட்டும் குடு."

மந்தையைத் திரும்பிப் பார்த்தான். "சினை ஆட்ட எறக்க மாட்டேன்."

"எறக்காத."

களியை நனைத்து ஒரு விரற்கடை பரப்புவோம், மந்தை போகும், வரும். மறுபடி ஒரு விரற்கடை. மூன்று நாள். அந்தச் சின்னக் குளம்புகள் இடித்த மாதிரி எந்தக் கட்டையும் இடிக்காது. மணிச் சத்தத்திலும் ரோம வாசனையிலும் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன்.

நாலாம் நாள் காலையில் திறந்தோம். தண்ணீர் நுரையைத் தள்ளிக்கொண்டு களியின் மேல் ஏறி, நிற்காமல் வந்தது. அது போகிற வேகத்துக்கே நானும் முன்னால் நடந்தேன். ஏரியில் விழுந்து, மதகுப் பள்ளத்தில் தேங்கி, நாற்றங்காலுக்குப் போக மூன்று நாள் ஆனது. பெரியவர் வரப்பில் நின்று குனிந்து பார்த்தார்.

"ஆட்டுப் புழுக்கை மெதந்துக்கினு வருது."

"எரு ஓசி ஐயா, வெச்சிக்கோங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மேஸ்திரி என்று கூப்பிட்டு, மடைவாயை அகலப்படுத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு போகம். நெல் இருந்ததால் மில் வந்தது. மில் வந்ததால் லாரி ரோடு, ரோடு வந்ததால் பஸ். பட்டணம் போனவர்கள் நடவுக்குத் திரும்பி வந்தார்கள், அதில் சிலர் மறுபடி பட்டணம் போகவே இல்லை. ஒரு முழ அகல வாய்க்கால் செய்ததைத்தான் சொல்கிறேன்.

பின்னால் அதற்குத் திறப்பு விழா நடத்திக் கல் வைத்தார்கள். ரிப்பன் வெட்டினவர், தலைமை தாங்கினவர், முன்னிலை வகித்தவர், எல்லார் பேரும் இருக்கிறது. என் பேர் இல்லை. இப்போது அந்தக் கல்லுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம். என் பேரையும் அதில் செதுக்கிவிட்டு அப்புறம் அடியுங்கள். களியை உடைத்தவன் என்று போடுவதானால் போடுங்கள், உடைத்தேன். அடைத்தவன் என்றும் போட்டாக வேண்டும். ஆட்டுக்காரன் பேரும் எனக்குத் தெரியும், வந்து கேட்டால் சொல்கிறேன். அவன் பேர் என் பேருக்கு அடுத்த வரியில் வரட்டும்.