முருகலட்சுமி கையில் வால்வுச் சாவி

முருகலட்சுமி எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள். முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊராட்சியில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு அவள்தான் ஆபரேட்டர். புருஷன் செத்த வருஷம் தலைவர் வேல்ராஜ் கொடுத்த வேலை. ஒன்பது வருஷமாகக் காலை ஐந்தரைக்கு மேலத்தெரு வால்வு, ஆறு மணிக்குக் கீழத்தெரு வால்வு என்று முறை தவறாமல் திறந்து வருகிறாள். உத்தரவுக் காகிதம் எதுவும் கையில் கிடையாது. தலைவர் வாயால் சொன்னதுதான்.

இந்தத் தேர்தலில் வேல்ராஜ் நிற்கவில்லை. நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர், போதும் என்று விட்டுவிட்டார். உடனே இரண்டு பேர் கிளம்பினார்கள். மேலத்தெருவில் தர்மராஜ், முருகலட்சுமியின் கூடப்பிறந்த அண்ணன் மகன். கீழத்தெருவில் கனி, அவள் புருஷனுக்குச் சித்தப்பா மகன். ஒருவன் பிறந்த வீடு, மற்றவன் வாழ வந்த வீடு. யார் ஜெயித்தாலும், 'நீ அடுத்தவன் ஆள்' என்று சாவியைப் பிடுங்கிவிடுவானோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேல்ராஜிடம் போய் நின்றாள்.

"அய்யா, ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வையிங்க."

"நான்தான் நிக்கலையே ஆத்தா. என் பேச்ச இனி என் வீட்டு நாய்கூடக் கேக்காது" என்றார்.

எங்கள் பக்கம் ஒரு காரியத்துக்குக் கிளம்புகிறவனுக்கு அத்தைக்காரிதான் விபூதி பூசி அனுப்ப வேண்டும். தர்மராஜ் மனுப் போடக் கிளம்பிய காலையில் அவள் அண்ணன் ஆள் அனுப்பிவிட்டார். போகாவிட்டால் பிறந்த வீட்டு வாசலே அடைபட்டுவிடும். போனாள். பூசும்போது பாதி விபூதி அவன் சட்டையில் கொட்டியது. யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் கனி அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டே தொட்டியடிக்கு வந்தான்.

"என்ன மதினி, படத்துல ஜோரா இருக்கீக. எங்களுக்கெல்லாம் விபூதி கிடையாதாக்கும்?"

"அவனுக்கு நான் அத்தை, பூசுனேன். ஒன் அத்தை பரமக்குடியில இருக்காள்ல, வரச் சொல்லு."

"அது வரும். நான் ஜெயிச்சா இந்தச் சாவி?"

"ஜெயிச்சிட்டு வந்து கேளு."

கனி சிரித்தான். பறிப்பேன் என்றும் சொல்லவில்லை, விடுவேன் என்றும் சொல்லவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"நாலு வார்த்தை வஞ்சிட்டுப் போயிருந்தாக்கூடத் தேவலை" என்று என்னிடம் புலம்பினாள்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, கனி பக்கத்தையும் சரிக்கட்ட நினைத்து, கீழத்தெரு வால்வை முதலில் திறந்துவிட்டாள். அங்கே ஒருவரும் குடம் வைத்திருக்கவில்லை. தண்ணீர் குழாயடி நிரம்பித் தெருவில் ஓடியது. கனியின் பெண்டாட்டி மாரிச்செல்வி வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"யாரு கேட்டா இந்நேரத்துல? எங்க பேரக் கெடுக்கவா?"

அதற்குள் மேலத்தெருப் பெண்கள் காலிக்குடங்களோடு தொட்டியடிக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் தர்மராஜின் அம்மா.

"விபூதி எங்களுக்கு, தண்ணி அவுகளுக்காடி?"

முருகலட்சுமி கீழத்தெரு வால்வை மூடி மேலத்தெரு வால்வைத் திறந்தாள். இப்போது இரண்டு தெருவிலும் அவளை அடுத்த தெரு ஆள் என்கிறார்கள். ஓட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.