அவள் கால் வைக்காத மூலை

கிளிநொச்சிப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பெண்கள் அணியொன்றுக்கு நான் பொறுப்பாளர். ஒருத்தி ஒரு நாளில் எத்தனை சதுர மீற்றர் முடித்தாள் என்பதை வைத்தே மேலிடம் எங்களை அளக்கும். பிந்துகிறவளுக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. அதனால் நானும் அவர்களை விரட்டினேன். வதனிதான் எல்லோரையும்விட வேகம்.

காணியை ஒப்படைக்கும் நாளில், துப்புரவாக்கியவர்களே உரிமையாளரின் கண்முன் அதில் நடந்து காட்டுவது வழக்கம். அன்றும் நடந்தோம். உரிமையாளரின் சின்ன மகள் எங்களுக்கு முன்னால் ஓடினாள். வதனி மட்டும் வரம்பிலேயே நின்றாள்.

"என்ன வதனி, பல்லக்குக் கொண்டு வரட்டோ?" என்றேன்.

"அக்கா, பிள்ளையை மறியுங்கோ. அந்த மூலையில வெடி தேடுற கருவி கத்தினது. ஆணியாக்கும் எண்டு கிண்டாமல் விட்டிட்டன்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். பிறகு அந்த மூலையைக் கிண்டியபோது, ஈர மண்ணுக்குள் மிதிவெடியொன்று விழித்தபடி கிடந்தது.

விதிப்படி வதனியை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தலைக்கவசத்தை என் கையில் தந்து, "விசாரிச்சவையிட்ட நான் உங்களில பிழை சொல்லேல்லை அக்கா," என்றாள்.

விரட்டியது நான்தான் என்று மேலிடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேகம் என்று நான் மெச்சித் திரிந்தது அவளுடைய பயத்தை. அணிக்கு இன்றும் நானே பொறுப்பாளர்.