மரியதாஸ் அண்ணை மேசையில வைச்ச திறப்பு

ஹீட்டர்ல ஈரக்கோட்டுகள் காயுற மணம்... அதோட கொதிச்சுக் கொதிச்சுக் கறுத்துப்போன தேத்தண்ணி மணம்.

லண்டன் பிளேஸ்டோவில எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடந்த சேர்ச் ஹோல் எண்டா எனக்கு முதல்ல ஞாபகம் வாறது அந்த மணம்தான்.

அப்ப நான் பகல்ல வெயார்ஹவுஸ் ஷிப்ட், கிழமையில ரெண்டு பின்னேரம் காலேஜ். ஹிஸ்டரி படிச்சனான். அமெரிக்காவின்ர முதல் ஜனாதிபதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லிச்சினம். லைப்ரரியில புத்தகம் எடுத்து, பிரேக் டைம்ல பெட்டியளுக்கு மேல இருந்து வாசிப்பன்.

மனுசன் போரை வெண்டவர். விரும்பினா சாகும்வரைக்கும் ஆண்டிருக்கலாம், சனமும் இருக்கச் சொல்லித்தான் கேட்டது. ரெண்டு தரம் இருந்தார், காணும் எண்டு எழும்பித் தன்ர தோட்டத்துக்குப் போயிட்டார். போகேக்க, கட்சி கட்டிக்கொண்டு அடிபடாதேங்கோ எண்டு நாட்டுக்கு ஒரு நீளக் கடிதம்.

அப்பிடிப் போகச் சொல்லி அப்ப ஒரு சட்டமும் இருக்கேல்லை. அதுதான் என்னை உலுக்கினது. ஊரில சங்கக்கடைத் தலைவரில இருந்து மேல மட்டும், கதிரையில இருந்த ஒருத்தர் தானா எழும்பி நான் கண்டதில்லை...

அந்த நேரம் பார்த்துக் கவுன்சில் எங்கட பள்ளிக்கு ஒரு யாப்பு, அதுதான் நிர்வாக விதியள், எழுதித் தரச்சொல்லிக் கேட்டது. செயலாளர் நான். விடுவனே? 'தலைவர் ரெண்டு தரத்துக்கு மேல இருக்கேலாது' எண்டு ஒரு வரி போட்டன்.

தலைவர் மரியதாஸ் அண்ணை. மன்னார் ஆள், பஸ் டிரைவர். ஒரு ஞாயிறு பூசை முடிய ஃபாதரிட்டக் கேட்டு அந்த ஹோலை எடுத்துப் பள்ளியைத் தொடங்கினதே அவர்தான். நான் வாசிச்சுக் காட்ட, சிரிச்சார்.

"தம்பி, அந்த மனுசன் அடிமையளை வைச்சிருந்தவர் எல்லோ? அவரிட்டயோ நாங்கள் படிக்கப் போறம்?"

"ஓம் அண்ணை, வைச்சிருந்தவர்தான்."

அண்ணை பேனையை என்ர பக்கம் தள்ளினார். "அது பிழை எண்டதைப் பிள்ளையளுக்குச் சேர்த்தே சொல்லுவம். கதிரையை விட்டு எழும்பினதை மட்டும் நாங்கள் எடுப்பம். எழுதும்."

அண்ணையின்ர ரெண்டு தரமும் முடிஞ்சுது. கூட்டத்தில எல்லாரும் கெஞ்சிச்சினம், இன்னொருக்கா இருங்கோ அண்ணை எண்டு. அவர் பொக்கற்றில இருந்து ஹோல் கதவுத் திறப்பை எடுத்து, புதுத் தலைவரா வந்த எனக்கு முன்னால மேசையில வைச்சார். பிறகு நேரா பின்னால கிச்சினுக்குப் போய், சேர்ட் கையை மடிச்சுவிட்டு, கோப்பையளைக் கழுவத் தொடங்கினார். அடுத்த சனியில இருந்து பள்ளியில தேத்தண்ணி அவரின்ர வேலை. 'இறங்கின தலைவருக்குத்தான் கேத்தில்' எண்டு பெற்றோர் பகிடி விட்டே அது எங்கட வழக்கமாப் போச்சு.

அடுத்து கேத்திலுக்குப் போகவேண்டியவன் நான்.

என்ர ரெண்டாம் தரமும் முடியிற காலம். என்னை விட்டா ஆர் செய்யிறது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். ஜெர்மனியில இருந்து வந்த சிவநேசன் எண்டு ஒரு எலக்ட்ரிசியன், கெட்டிக்காரப் பெடியன், செய்யிறன் எண்டு நிண்டவர். இவருக்கு என்ன தெரியும் எண்டு நினைச்சன். ஒளிச்சு என்ன... 'தலைவர்' எண்டு கூப்பிடுறது இனிச்சுது. விழாவுக்கு விழா முன்வரிசைக் கதிரையும் இனிச்சுது.

பரிசளிப்பு விழா அண்டு, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் வந்து வாசல்ல இறங்கிற நேரம் பார்த்து, ரெண்டு தரம் எண்ட அந்த வரியை யாப்பில இருந்து எடுக்கிறதுக்கு வோட் கேட்டன். பசி நேரம். கை எல்லாம் டக்கெண்டு உயர்ந்துது. எங்கட சனத்தின்ர நாடி பிடிச்சுச் செய்த வேலை!

எதிர்த்து ஒரேயொரு கை. கிச்சின் வாசல்ல, தோளில துவாயோட மரியதாஸ் அண்ணை.

"தம்பி, உம்மட மனுசன் எழும்பினவர் எல்லோ?"

எல்லாருக்கும் முன்னால சொன்னன். "அண்ணை, நீங்கள் இஞ்ச கோஷ்டி சேர்க்காதேங்கோ."

தனிய நிண்ட ஆளைப் பார்த்துக் கோஷ்டி எண்டிருக்கிறன், பாருங்கோ. அந்தப் பெரிய கடிதத்தில நான் படிச்சது அதுக்குத்தான் உதவிச்சுது. வெட்கங்கெட்டவன்.

அவர் கையில இருந்த கோப்பையைத் துடைச்சு வைச்சார், துவாயைக் கொழுவினார், கோட்டைப் போட்டுக்கொண்டு போயிட்டார். பிறகு அந்த ஹோலுக்கு அவர் வரேல்லை. நானும் போய்க் கூப்பிடேல்லை. மனோர் பார்க்கில அவர் வீடு... பஸ்ஸில ஒரு இருபது நிமிஷம்.

அமெரிக்காவில முதல்ல வெறும் வழக்கம். பிறகு ஒருத்தர் ரெண்டு தரத்துக்கு மேல இருந்திட்டார் எண்டு அதைச் சட்டமாக்கிச்சினம். நான் சட்டத்தை எடுத்தன், வழக்கமும் அதோட போச்சு. சிவநேசனோட பாதிச் சனம் பார்க்கிங் எண்ட பக்கத்து ஊருக்குப் போய் வேற பள்ளி தொடங்கிச்சினம். எங்கட பள்ளியில பிள்ளையள் குறைஞ்சு குறைஞ்சு... ஒருநாள் தலைவரும் திறப்பும் மட்டும் மிஞ்சிச்சுது.

போன சனி, மகளின்ர பிள்ளையைச் சேர்க்க அந்தப் பார்க்கிங் பள்ளிக்குப் போனன். சுவரில அவையின்ர யாப்பு. கிட்டப் போய் வாசிச்சன். நான் எழுதினது, சொல்லுக்குச் சொல். ரெண்டு தரம் எண்ட வரியும் இருந்துது. தலைவர் இப்ப ஒரு இளம் டீச்சர். பின்னால கேத்திலடியில, தலை நரைச்ச சிவநேசன்.

"அண்ணை, வாங்கோ." தேத்தண்ணி தந்தார். மரியதாஸ் அண்ணையைப் பற்றிக் கேட்டன்.

"முழங்கால் ஏலாமல் போகுமட்டும் இஞ்சதான் தேத்தண்ணி போட்டவர். போன மாரியில மோசம் போயிட்டார். செத்தவீடு நடந்ததை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சன்.

"உங்களைப் பற்றி ஆரும் குறை சொன்னா விடமாட்டார் அண்ணை. இந்த யாப்பு எழுதினது அந்தத் தம்பிதான் எண்டுவார். அவ்வளவுதான் சொல்லுவார்."

சிங்க் நிறையக் கோப்பையள் கிடந்துது. "நான் கழுவுறன்" எண்டு சேர்ட் கையை மடிச்சன். சிவநேசன் தள்ளி இடம் விட்டார்.

அண்டைக்கு நானும் அந்தத் திறப்பை மேசையில வைச்சிருந்தா, எத்தனை சனிக்கிழமை அந்தக் கிச்சினுக்குள்ள ரெண்டுபேரும் நிண்டிருப்பம்... அவர் கழுவ, நான் துடைச்சுக் குடுத்திருப்பன்.