அலசிய காராமணி

அமிர்தம் முறத்தில் காராமணியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலமே ஊறப்போட்டால்தான் காலையில் வேகவைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்ப முடியும்.

சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் அவள் டைப்பிஸ்ட். வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து மாமியார் பக்குவம்தான். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் உப்பு, புளி அளவு மாறவில்லை. மாற்றினால் கணவர் வைத்திலிங்கம் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார்.

இந்தக் காராமணி மட்டும் அவளாக ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டது. கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து பக்கத்து மேசையில் உட்காரும் ஆரோக்கியம்மாள் சொல்லிக்கொடுத்தது. வெந்ததை வடித்து, சூடு ஆறுவதற்குள் எலுமிச்சைச் சாறு, வினிகர், நல்லெண்ணெய், தட்டின பூண்டு, மிளகு, பொடியாக நறுக்கிய வெங்காயம் எல்லாம் போட்டுப் பிரட்டி, ஃப்ரிட்ஜில் ஊறவிட வேண்டும். மறுநாள் ஜில்லென்று சாப்பிட வேண்டும். ஆரோக்கியம்மாள் வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகிறார். “பஃப்சு, மிக்சரு யார் வேணா வாங்கியாரட்டும். நீ காராமணி கொண்டா, போதும்” என்று கேட்டிருந்தார்.

வியாழக்கிழமை விடியலில் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனவள், திரும்பி வந்தபோது வாசலிலேயே கடுகு தாளித்த வாசனை அடித்தது. பல் டாக்டரைப் பார்க்கக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்த நாத்தனார் விருத்தாம்பாள் அடுப்படியில் இருந்தாள்.

“அண்ணி, ஃப்ரிட்ஜில ஒரு டப்பா இருந்துதே?”

“அத ஏன் கேக்கற. மத்தியானம் போன கரண்டு வரவே இல்ல. கெட்டுப்போயிருமேன்னு தெறந்து பாத்தா, காராமணி அப்பவே புளிச்ச வாடை. நல்லா அலசி, தேங்கா போட்டுத் தாளிச்சிட்டேன். ஆபீசையும் பாத்து அடுப்படியையும் பாத்தா மறந்துதான் போவும்.”

“புளிக்கல அண்ணி. அது எலுமிச்சம்பழம், வினிகரு.”

“பயித்துல எலுமிச்சம்பழத்த ஊத்தி ஐசுல வைப்பாங்களாடி? சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்தா பழசப் போடறான்னு எழுந்து போயிடுவாங்க.”

கூடத்தில் வைத்திலிங்கம் அதைத்தான் தின்றுகொண்டிருந்தார். மின்வெட்டு வந்தால் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது அவர் வழக்கம்.

“அக்கா சுண்டல் ஜோரா இருக்கு. நீயும் எடுத்துக்க.”

“நாளைக்கு ஆரோக்கியம்மா அக்காவுக்கு நான் என்னத்தக் கொண்டுபோறது?”

“இதையே டிபன்ல போட்டுக்க. வேணாம்னா சொல்லப்போறாங்க?”

“இனிமே ஊறப்போட்டு எப்ப வேகவைக்கிறது, எப்ப அது ஊறறது?”

“கெட்டத காப்பாத்தனதுக்கு இந்தப் பேச்சா?” என்றது அடுப்படி.

“கெடலன்னு சொல்றேனே அண்ணி.” அமிர்தம் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள். “இத்தினி வருஷமா உங்கம்மா சாம்பார்தான் வைக்கறேன். ஒரு நாளாவது அதக் கொட்டி அலசிருக்கேனா?”

“சாம்பார யாராச்சும் அலசுவாங்களா?”

“சிரிக்காதீங்க. யாருக்கு, எதுக்குன்னு நேத்தே உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் ஊறப்போட்டேன். உங்கக்கா டப்பாவத் தெறக்கறப்ப நீங்க இங்கதான உக்காந்திருந்தீங்க?”

“இருந்தேன்.”

“‘அது அவ வேணும்னு வச்சிருக்கறது அக்கா, தொடாத’ன்னு ஒரு வார்த்த ஏன் சொல்லல?”

வைத்திலிங்கம் தட்டில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலை வழித்து வாயில் போட்டுக்கொண்டார். தட்டை ஸ்டூலின்மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைவிட்டு வெளியே போனார்.