மலாமா தட்டிய பெயர்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டின் குளிர்காலத்தில்தான் எவாரிஸ்டோ அவரை முதன்முதலாகப் பார்த்தான். செப்புச் சுரங்க நகரமான கிட்வேயின் சந்தைப் பின்வரிசையில், பழைய சரக்குப் பெட்டகம் ஒன்றைக் கடையாக்கி அவன் கணினிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தாயும் மகளும் தள்ளுவண்டி ஒன்றை அவனுடைய வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையைப் போலப் போர்வை சுற்றப்பட்டு, அதில் ஒரு கணினி கிடந்தது.

தாய்க்கு நாற்பது வயதிருக்கும். சரக்கு லாரிக் கம்பெனி ஒன்றில் தட்டச்சராக இருந்தார்; அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதே ஆண்டில் அவருடைய கணவரையும் சுரங்கத்தில் ஆள்குறைப்புச் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது கணவரின் கைக்கு வந்த தொகையில் வாங்கிய கணினி அது. அதை வைத்து வீட்டிலிருந்தே ஊராருக்குத் தட்டச்சு செய்து பிழைப்பது என்று தாய் முடிவு செய்திருந்தார்.

எவாரிஸ்டோ விண்டோஸைப் போட்டு முடித்ததும், உரியவரின் பெயரைக் கேட்டுத் திரை காத்து நின்றது.

"பேர் கேக்குது மாயோ. என்ன போடட்டும்?" என்று, அம்மா என்பதற்கு அந்த ஊரில் வழங்கும் சொல்லால் அழைத்துக் கேட்டான் எவாரிஸ்டோ.

"என் பேர் எதுக்கு? பிரிஸ்கான்னு எங்கம்மா கூப்பிட்டதோட சரி. ஊரே என்னை இவ பேரைச் சொல்லித்தான் கூப்பிடுது. இவ பேரையே போடு."

"அப்போ மெஷின் என்னுது," என்றாள் மகள். "நீங்க கூலிக்கு டைப் அடிக்கிற ஆளு."

"வாய் நீளுது பாரு. உன் பேரை நீயே அடி, பார்க்கலாம்."

பதினாறு வயது மகள், எழுத்துகளை ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். மலாமா. அந்த ஊரில் மூத்த பிள்ளை பிறந்த அன்றே பெற்றோரின் சொந்தப் பெயர்கள் மறைந்துபோகும். தாய், மலாமாவின் அம்மா என்ற பொருளில், பானா மலாமா ஆகியிருந்தார். தந்தை பாஷி மலாமா. இருவரையும் வேறு பெயரால் அழைத்தவர்கள் அந்தத் தெருவில் எவரும் இல்லை.

பானா மலாமாவிடம் வேலை கொடுத்தவர்களுக்குப் பொறுமை வேண்டியிருந்தது. பெரும்பாலும் இறுதிச் சடங்குக்கான நிகழ்ச்சி நிரல்களே அவரிடம் வரும். ஒரு தாளை மூன்று முறை படித்துப் பார்க்காமல் அவர் கையிலிருந்து விடமாட்டார்.

"சீக்கிரம் கொடுங்க மாயோ, அங்கே சவப்பெட்டியே கிளம்பிடுச்சு," என்று ஒருவர் வாசலில் நின்று தவித்தால், "பெட்டியில இருக்கிறவருக்கு அவசரமே இல்லை. உனக்கு ஏன் இவ்வளவு அவசரம்?" என்பார், தலையை நிமிர்த்தமாட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, மலேரியா மூளையைத் தாக்கியதால் மலாமா இறந்தாள். அவளுடைய நிகழ்ச்சி நிரலையும் பானா மலாமாவே தட்டச்சு செய்தார். அதையும் மூன்று முறை படித்துப் பார்த்தபிறகே அச்சுக்கு அனுப்பினார்.

பிள்ளை இறந்தாலும் பிள்ளையால் வந்த பெயர் தாயைவிட்டுப் போவதில்லை. வழக்கம் அதுதான். ஆனால், வழக்கம் வேறு, மனிதர்கள் வேறு. நினைவூட்டி நோகச் செய்யவேண்டாமே என்று எண்ணிச் சிலர் வெறும் "மாயோ" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கணவரின் அக்காவோ, கூட்டத்தின் நடுவே "பிரிஸ்கா" என்று அழைக்கத் தொடங்கினாள். அதில் பரிவு இருக்கவில்லை. பிள்ளை இல்லாதவளுக்கு அந்த வெறும் பெயரே போதும் என்ற கணக்கு இருந்தது. கணவர் வேலை தேடி, வேறொரு சுரங்க நகரமான சொல்வேசிக்குப் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு பண்டிகைக்கு வந்தார். அதன்பின் அவர் வரவில்லை, செய்திதான் வந்தது. அங்கே அவருக்கு வேறு ஒரு வீடு இருந்தது.

ஆக, பானா மலாமாவின் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதற்குக் கணினி ஒன்றுதான் மிஞ்சியது. காலையில் பொத்தானை அழுத்தினால், நீலத் திரையில் மலாமா என்ற பெயர் தோன்றும்; அதன்கீழே அவளை வரவேற்கும் ஒரு சொல் தோன்றும். அது தோன்றும்வரை அவர் தேநீரைத் தொடுவதில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டின் வெயிற்காலத்தில் அவர் மறுபடியும் தள்ளுவண்டியோடு எவாரிஸ்டோவின் கடைக்கு வந்தார். இருந்த விண்டோஸ் பழையதாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் கொண்டுவருகிற கோப்புகள் பாதி திறப்பதில்லை. புத்தாண்டுக்குப் பிறகு அந்தப் பதிப்பைக் கவனிப்பாரே இல்லை என்று திரையே எச்சரித்துக்கொண்டிருந்தது.

"துடைச்சிட்டுப் புதுசாப் போட்டுடறேன் பானா மலாமா. ஒரு மணி நேர வேலை."

அருகே கருவாடு விற்றுக்கொண்டிருந்த பானா சோலா சிரித்தாள். "இவன்கிட்ட தலைவலின்னு வராதீங்க, தலையையே எடுத்துட்டுப் புதுசு வைக்கிறேன்பான்."

அவளைக் குறை சொல்வதற்கில்லை. சந்தையில் எவாரிஸ்டோவுக்குத் 'துடைப்பம்' என்றே பட்டப்பெயர். எந்தக் கோளாறுக்கும் அவன் துடைத்துவிட்டுப் புதிதாகவே போடுவான். அணையில் நீர் வற்றி, நாளில் பாதிநேரம் மின்சாரம் வெட்டப்பட்ட ஆண்டு அது. பொறுமையாகப் பழுதுபார்க்க அவனுக்கு வேளை வாய்த்ததில்லை.

"துடைக்காம முடியாதா?" என்று கேட்டார் பானா மலாமா.

"முடியும். இருக்கிறதுக்கு மேலேயே புதுசை ஏத்தலாம். ஃபைல், புரோகிராம், பேரு எல்லாம் அப்படியே நிக்கும். ஆனா இது கிழட்டு மெஷின்; அஞ்சு மணி நேரம்கூட இழுக்கும். நடுவுல கரண்ட் போச்சுன்னா பழசும் இல்லை, புதுசும் இல்லைன்னு நின்னுடும். எதுக்கு வம்பு? ஃபைலை எல்லாம் தனியா எடுத்து வச்சிடறேன். துடைச்சதும் மலாமான்னு நானே மறுபடி தட்டிடறேன்."

"ஃபைலெல்லாம் ஊராரோடது. எது போனாலும் மறுபடி அடிச்சுக்கலாம். அந்தப் பேரு அவ தட்டினது. நீ தட்டினா அது நீ வச்ச பேரு."

எவாரிஸ்டோ துடைக்கும் யோசனையை விட்டான். கிட்வேயில் மின்சாரம் நிற்காத இடம் ஒன்று அவனுக்குத் தெரியும். அவனுடைய அத்தையின் வீடு மருத்துவமனையின் பின்சுவரை ஒட்டியிருந்தது. மருத்துவமனைக்குப் போகிற கம்பியிலிருந்தே அந்த வீட்டுக்கும் மின்சாரம் வந்தது. வெட்டு நாட்களில் அந்த வீட்டின் ஒவ்வொரு சுவர்ப்பொருத்தியிலும் ஊராரின் கைப்பேசிகள் வௌவால்களைப் போலத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கணினியை அங்கே கொண்டுபோனார்கள்.

பானா மலாமா ஆராதனைக்கு இடுப்பில் சுற்றி உடுத்திய சித்தெங்கேத் துணியோடு கணினியின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அத்தை கொண்டுவந்து வைத்த ன்ஷிமா என்ற மக்காச்சோளக் களியும் கீரையும் அப்படியே ஆறின. மாலையில் அத்தை இஸ்திரிப் பெட்டியோடு வந்து சுவர்ப்பொருத்தியின் பக்கம் குனிந்தபோது, பானா மலாமா எழுந்து குறுக்கே நின்றுகொண்டார்.

"இதைச் சொருகினா ஃபியூஸ் போயிடும். சட்டை கசங்கினா கசங்கட்டும்."

"என் வீட்டுல என் சட்டையைத் தேய்க்கவும் உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"இன்னைக்கு மட்டும். நாளைக்கு வந்து உங்க வீட்டுத் துணி மொத்தத்தையும் நானே தேய்ச்சுத் தர்றேன்."

இருட்டுவதற்குச் சற்றுமுன் திரை கறுத்தது. பின் வெளுத்தது. புதிய வடிவத்தில், முன்பைவிடப் பெரிய எழுத்தில், மலாமா என்ற பெயர் தோன்றியது. பானா மலாமா ஆறிப்போன ன்ஷிமாவை எடுத்து முழுவதும் சாப்பிட்டார். மறுநாள் சொன்னபடியே வந்து துணிகளைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனதாக அத்தை சொன்னாள்.

முதல் மழை பெய்த வாரத்தில் இருதரப்புப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். மணமுறிவு என்று முடிவாயிற்று. பாத்திரங்களும் கட்டிலும் மனைவிக்கு. கணவரின் பணத்தில் வாங்கியதால் கணினி கணவருக்கு. அதை வைத்துத்தான் அந்தப் பெண் உண்கிறாள் என்பதை ஒருவர் எடுத்துச் சொன்னாராம். கணவரின் அக்கா, "தட்டுறதுக்கு விரல் இருக்குதே, அதை யாரும் கேக்கலையே," என்றாளாம். பானா மலாமா வாதாடவில்லை. அவர் என் வீட்டுப் படியேறக் கூடாது, எவாரிஸ்டோவின் கடையில் வைத்துத்தான் கொடுப்பேன் என்று மட்டும் சொன்னார்.

குறித்த நாளில் அவரே கணினியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சற்று நேரத்தில் கணவரும் வந்தார். உடல் பருத்திருந்தார், காலணி புதியது. எவாரிஸ்டோ எழுந்து, இரு கைகளையும் மெல்லத் தட்டி வணங்கினான்.

"நல்லா இருக்கீங்களா, பாஷி மலாமா?"

"பாஷி லுபூட்டோ," என்று திருத்தினார் அவர். "எனக்கு மகன் இருக்கான். இனிமே அப்படியே கூப்பிடு."

எத்தனை மனைவியர் வந்தாலும், எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும் மூத்த பிள்ளையின் பெயர்தான் தகப்பனுக்கு. அதை மாற்றிக்கொண்ட ஒருவரை எவாரிஸ்டோ அன்றுதான் பார்த்தான். பானா சோலாவின் கை கருவாட்டுக் குவியலின்மேல் அப்படியே நின்றது. பானா மலாமா தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் ஓடுதான்னு பார்த்து வை. பையன் விளையாடத்தான் கேக்கறான்," என்றார் கணவர். "நான் பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிட்டு, கட்டறதுக்கு அட்டைப்பெட்டியும் கொண்டு வர்றேன்."

அவர் வரிசையைக் கடந்து மறைந்ததும் பானா சோலாவுக்கு வாய் திரும்பியது. "ஏன் எவாரிஸ்டோ, அந்த மனுஷனையும் உன்கிட்டதான் கொண்டுவந்து துடைச்சாங்களா?"

எவரும் சிரிக்கவில்லை. பானா மலாமா கேட்டார், "கரண்ட் எத்தனை மணி வரைக்கும்?"

"பன்னெண்டு வரைக்கும் இருக்கும் மாயோ."

"அப்போ நேரம் இருக்கு. துடைச்சிடு."

அவன் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று அவரைப் பார்த்தான். "அத்தை வீட்டுல நாள் முழுக்க உக்காந்திருந்தோமே?"

"உக்காந்திருந்தோம்தான். அவ பேரு அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தப் பையன் பொத்தானை அழுத்துவான், அவ பேரு வரும். அந்தப் பொம்பளை 'யாருங்க இது?'ன்னு கேப்பா. அவரு என்ன சொல்வாருன்னு இப்பதான் கேட்டியே. அந்த வாயாலதான் அவளைத் தெரியாதுன்னு சொல்லணுமா? துடைச்சிடு."

எவாரிஸ்டோ கோப்புகளை ஒரு சிறிய பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தான். ஊராரின் நிகழ்ச்சி நிரல்கள், மலாமாவின் பள்ளிப் பாடங்கள், நான்கைந்து படங்கள். அவர் அதைச் சித்தெங்கேயின் முனையில் முடிந்துகொண்டார்.

"கடைசியா ஒரு தடவை திறந்து காட்டட்டுமா?"

"வேண்டாம். காலையிலேயே பார்த்துட்டுத்தான் வந்தேன்."

வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் கணினிகளைத் தயங்காமல் துடைத்தவன், அன்று விசையின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் அவனை அவசரப்படுத்தவில்லை, தாமும் நகரவில்லை. பிறகு அவன் அழுத்தினான். ஒரு மணி நேரத்துக்குள், அவன் எப்போதும் சொல்கிறபடியே, எல்லாம் முடிந்தது. பெயரைக் கேட்டுத் திரை காத்து நின்றது.

"பேர் கேக்குது, பானா மலாமா," என்றான். பெயரைச் சற்று உரக்கவே சொன்னான். வரிசை முழுவதற்கும் கேட்டிருக்கும். "என்ன போடட்டும்? பையன் பேரா?"

அன்று பிற்பகலே பானா மலாமா கசாமாவிலிருக்கும் தம்பி வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டார். அதன்பின் எவாரிஸ்டோ அவரைப் பார்க்கவில்லை. புறப்படுமுன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அவர் அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்.

"எந்தப் பேரும் போடாதே. அது கேக்கற இடத்துலேயே நிறுத்தி அணைச்சுக் கட்டிக் கொடுத்துடு. அங்கே போயி அவரே பதில் சொல்லிக்கட்டும்."