அம்மா முடித்துவைத்த பேச்சு

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி வந்தது, எது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்வதுதான் அவள் வேலை. பதினோரு வருஷமாக ஒரே கண்ணாடி அறை, கால் ஆடும் நாற்காலி. மைக்கைத் திறந்தால் இரண்டு விநாடிகூடச் சும்மா இருக்கக் கூடாது என்பது மேலாளர் போட்ட சட்டம். அதை அவள் வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை.

மகளுக்கு ஏழு வயது. பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி, முகம் சிவந்து நிற்பாள். பெற்ற வயிறு பதறாதா? அம்மா சட்டென்று மீதியைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாக இருந்தாலும் பிள்ளை தலையாட்டிவிடும். திரும்ப முதலிலிருந்து யார் மல்லுக்கட்டுவது?

"பாடத்துல கவனமே இல்ல. கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேங்கிறா," என்று டீச்சர் புகார் சொன்னார். அடுத்து நம்மைக் கேட்பார்களோ, கேட்டால் எந்தச் சொல்லில் தொடங்குவது என்றே பிள்ளையின் புத்தி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? அம்மாவோ அக்கம்பக்கத்தில், "எங்க குட்டி அழ மாட்டா, அடம் பிடிக்க மாட்டா. அவ்வளவு அடக்கம்!" என்று பீற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் குட்டியின் தலையணையில் சீழ். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சவ்வு கிழிஞ்சிருக்கு. எத்தனை நாளா வலிக்குதும்மா?" என்று குட்டியைக் கேட்டார்.

"ப... ப..."

"நேத்துலேருந்துதான் இருக்கும், டாக்டர்."

டாக்டர் கை காட்டித் தடுத்தார். "அவளே சொல்லட்டும்."

"ப... பத்து நாளா."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொ... சொல்ல வந்தேன். அ... அம்மா பசிக்குதான்னாங்க. த... தலையாட்டிட்டேன்."

அம்மாவுக்கு நினைவு வந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். பிள்ளை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டிருந்தது. இனி அந்தக் காது பழையபடி கேட்குமா என்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் குட்டி அருகில் வந்து நின்றாள். "அம்மா, எ... எ..."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எவ்வளவு நேரமானாலும் சரி, இந்த ஒரு தடவை பிள்ளையே சொல்லி முடிக்க வேண்டும். குட்டி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், மீதி அங்கிருந்து வருமென்று. வரவில்லை.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள். துளியும் திக்காமல் சொல்லிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள்.